மூன்று விநாடிப் பாட்டு

செயலி வடிவமைக்கிற தொழிலில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: நாம் செய்த பொத்தானை அழுத்திவிட்டு நொந்துபோகிறவர் நம் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. அந்தச் சௌகரியத்தையும் தொலைத்துவிட்டு, சொந்த ஊரில் உட்கார்ந்து சொந்த மாவட்டத்துக்காரர்களுக்கே பொத்தான் செய்து கொடுத்து, கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் நான். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற சகோதர சகோதரிகளே, லேப்டாப்பை மூடிய பிறகும் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கிறவர்களே, சோற்றில் ஒரு கையும் போனில் ஒரு கையுமாக எண்ணிக்கை ஏறிவிட்டதா என்று பார்க்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் படித்தால் எனக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்ட வேண்டும் என்பார்கள்.

நான் கீழக்கரைக்காரி. எங்கள் ஊரில் கல்யாணம் ஆனாலும் பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வந்த சூட்டோடு வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவார். கணவரை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். என் மச்சான் தமாமில் இருக்கிறார். வீட்டில் நான், உம்மா, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் ஹனா. மாடி அறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சென்னைக் கம்பெனியின் வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெடு

எல்லோரும் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு வந்தபோது நான் மட்டும் முரண்டு பிடித்தேன். என் மேலாளர் திலீப் சார் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள், நிபந்தனை போடுவார்கள். எங்கள் அரட்டைச் செயலியில் பாட்டு அனுப்பும் வசதி ஒன்று வரவேண்டியிருந்தது. நமக்குப் பிடித்த பாட்டை ஒருவருக்கு அனுப்பலாம். அவர் அதை அந்த அரட்டையிலேயே கேட்கலாம். அதை நான் வடிவமைத்து, முதலில் எங்கள் மாவட்டத்திலிருந்து மட்டும் அனுப்பும்படி விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் முடிகிற நாளில், அன்றைக்கு அனுப்பிய பாட்டுகளில் பாதியாவது முழுசாக ஓடியிருக்க வேண்டும். பாட்டுக் கம்பெனியோடு எங்கள் ஆட்கள் போட்ட ஒப்பந்தமே அதுதான். ஓடினால் வசதியும் தங்கும், நானும் வீட்டோடு தங்கலாம். ஓடாவிட்டால் அதை மூடிவிட்டு நான் மூட்டை கட்ட வேண்டும்.

வரைந்து வரைந்து அழித்தேன். கடைசியில், ஒவ்வொரு பாட்டும் திரையில் ஒரு பெரிய படமாக வரும்படி செய்தேன். படத்துக்குக் கீழே குட்டியாக ஒரு காது. பாட்டைப் பெற்றவர் மூன்று விநாடி கேட்டுவிட்டால், அனுப்பியவர் போனில் அந்தக் காது பச்சையாகும். கை தவறிப் பட்டதையெல்லாம் கேட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது அல்லவா, அதற்குத்தான் மூன்று விநாடி. மூன்றா ஐந்தா என்று இரண்டு நாள் வாதம் வேறு நடந்தது. என் முகத்தில் ஓடிய கலவரத்தைக் கேமராவில் பார்த்துவிட்டு திலீப் சார் சொன்னார்: “பாட்டு வந்தா யாராச்சும் பாதியில நிறுத்துவாங்களா நஸ்ரின்? இது தானா ஓடிரும், நீங்க நிம்மதியா இருங்க.”

அரிசிப் பானைக்குள் ஒரு பாட்டு

முதல் வடிவத்தில், அரட்டையைத் திறந்தாலே பாட்டு தானாகப் பாடத் தொடங்கிவிடும். அதை நினைத்து எனக்கு ஒரே பெருமை. சோதித்துப் பார்க்க உம்மா போனில் போட்டு, ஒரு குத்துப்பாட்டை அனுப்பி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். உம்மா சாயங்கால அசர் தொழுதுவிட்டு, பாயில் உட்கார்ந்தபடி தஸ்பீஹ் மாலையை எண்ணிக்கொண்டே நேரம் பார்க்கப் போனைத் தொட்டிருக்கிறது. என் அரட்டை திறந்தே இருந்தது. தாரை தப்பட்டையோடு பாட்டு கிளம்பிவிட்டது.

நிறுத்துகிற பொத்தானை நான் மிக நாசூக்காக, கண்ணுக்கே தெரியாத அளவில் வைத்திருந்தேன். உம்மா அதைத் தேடிப் பார்த்துவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் வைத்தது. சத்தம் அடங்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் அரிசிப் பானைக்குள் புதைத்து மூடிவிட்டது. நான் ஓடிவந்தபோது பானை பாடிக்கொண்டிருந்தது, அடுத்த வீட்டு மாமி சன்னலில் நின்று எங்கள் வீட்டில் என்ன விசேஷம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என் எண்ணிக்கையில் முழுசாக ஓடிய முதல் பாட்டு அதுதான். தானாகப் பாடுவதை அன்றைக்கே எடுத்தேன், நிறுத்தும் பொத்தானையும் பெரிதாக்கினேன். உம்மா தணிந்த குரலில் சொன்னது: “பாட்டுக் கேக்குறது பாவமா இல்லையாண்டு ஹஜ்ரத்துக்கிட்டக் கேட்டுக்கலாம். கேக்காதவ காதுல கொண்டுவந்து ஊத்துறது பாவம்ண்டு எனக்கே தெரியும்.”

தமாமில் பச்சைக் காது

பத்தே நாளில் மாவட்டம் முழுக்கப் பாட்டு பறந்தது. ராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்கு, தங்கச்சிமடத்திலிருந்து பரமக்குடிக்கு, கீழக்கரையிலிருந்து வளைகுடாவில் உள்ள எல்லா ஊருக்கும். காதுகள் சடசடவென்று பச்சையாயின. நான் துள்ளிக் குதித்தேன். பிறகு அடுத்த பக்கத்தைத் திறந்தேன். எல்லோரும் மூன்று விநாடி கேட்கிறார்கள், மூடிவிடுகிறார்கள். நூற்றில் ஒருவர்கூடக் கடைசி வரை போகவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் கொஞ்சம்தான். எழுந்து மாடியில் நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி பக்கத்தைப் புதுப்பித்தேன். அதே எண்.

என் சொந்த மச்சான் என்ன செய்கிறார் என்று பார்த்தேன். நான் தினமும் ஒரு பாட்டு அனுப்பினேன், எங்கள் கல்யாணத்தின்போது ஊரெல்லாம் ஓடிய பாட்டுகளாகப் பார்த்து. எல்லாக் காதும் பச்சை. எல்லாம் மூன்றே விநாடி. எனக்குச் சுருக்கென்றது. வேலைக்காகக் கேட்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, மனைவியாகத்தான் சண்டைக்குப் போனேன். நான் அனுப்புவதை நாலு நிமிடம் கேட்கக்கூட நேரம் இல்லையா என்று கேட்டேன். அவர் சொன்னார்: “முழுசா ஓடுச்சுண்டா வீடு ஞாபகம் வந்துருது புள்ள, அப்புறம் நான் எப்புடி டூட்டிக்குப் போறது? நீ அனுப்பிட்டியாண்டு தெரிஞ்சாப் போதும், மூடிருவேன்.”

வேலை தொடர்பாக எனக்குக் கிடைத்த பதில்களில் நான் அழுதது அந்த ஒன்றுக்குத்தான்.

பதினாறாம் நாள்

எண்ணை எப்படியாவது ஏற்ற வேண்டும் என்று ஒரு வேலை செய்தேன். யார் எந்தப் பாட்டைக் கேட்கிறார், அதில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது அவருடைய உறவு, நட்பு எல்லோருக்கும் மேலே ஒரு பட்டையாகத் தெரியும்படி வைத்தேன். பாதியில் விடக் கூச்சப்பட்டுக்கொண்டு முழுசாகக் கேட்பார்கள் என்பது என் மனக்கணக்கு. கொஞ்சம் ஏறவும் செய்தது. ஒரு வாரத்தில் புகார் வந்தது. தமிழில் வருகிற புகாரெல்லாம் என் தலையில்தான் விடியும். ‘பெறுநர்: செயலி அதிகாரி அவர்கள்’ என்று தொடங்கி, கலெக்டருக்கு மனு எழுதுவது போல எழுதியிருந்தார் ஒருவர். அனுப்புநர் முகவரியைப் பார்த்தால் திருப்புல்லாணிக்குப் பக்கத்துக் கிராமம், பிள்ளையார் கோயில் எதிரில் என்பது வரைக்கும் இருந்தது. பஸ் ஏறினால் அரை மணி நேரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, போய்விட்டேன்.

அவர் பெயர் முருகேசன், மிளகாய் விவசாயம். அவருடைய மாமனார் காலமாகி அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்திருக்கிறது. இவர் போனை உள்ளே வைத்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். நாலு வயது மகள் போனை எடுத்து, படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு டப்பாங்குத்துப் பாட்டை அமுக்கிவிட்டு விளையாடப் போய்விட்டாள். ‘முருகேசன் இப்போது கேட்கிறார்’ என்று சொந்தபந்தம் அத்தனை பேர் போனிலும் பட்டை ஓடியிருக்கிறது, பந்தலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி கொடுத்த மோரைக் குடிக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பாட்டுக் கேட்டேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. ‘அத்தான் கடேசி வரைக்கும் கேட்டுட்டாருல்ல’ன்னு ஏம் மச்சினன் எல்லாருக்கும் பட்டையக் காட்டுனாம் பாருங்க, அதத்தான் தாங்க முடியல.”

தாலாட்டு வந்தால் பாடு இல்லை

பட்டையை எடுத்தேன். எண் பொத்தென்று விழுந்தது. அந்தச் சமயம் பார்த்து திலீப் சார் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். புதுமடத்திலிருந்து தினமும் விடிகிற நேரத்துக்குப் பாட்டுகள் வருகின்றன, எல்லாம் அதே நாலைந்து பாட்டுகள், ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல மூன்றே விநாடி. மனிதர்கள் அப்படிக் கேட்பார்களா, இது ஏதோ போலிக் கணக்கு, அத்தனையையும் முடக்கிவிடலாம் என்றார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டேன். மறுநாள் விடியற்காலையில் சுபுஹ் தொழுதுவிட்டு, பெரியபட்டினம் வழியாக ஸ்கூட்டரில் புதுமடம் கடற்கரைக்குப் போனேன்.

லோடு ஆட்டோ ஒன்று நின்றது. பக்கத்தில் ஐம்பது வயது இருக்கும், ஒரு அம்மா, இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். போன் அதிர்ந்தது. எடுத்து ஒரு படத்தை அமுக்கினார். நாதஸ்வரம் துளியூண்டு கேட்டது. நிறுத்தினார். திரும்பி ஆட்டோக்காரரைப் பார்த்து, “ஏலே, நாலு பொட்டிக்கு ஐஸு போடு, நண்டு வருது!” என்று கத்தினார். கடலில் ஒரு மீன்பிடி வள்ளம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அருகில் போய் நான் யார் என்று சொன்னேன்.

பாண்டியம்மா அக்கா ஒன்பது வள்ளங்களில் மீன் எடுத்து விற்கிறவர். வள்ளம் கரையை நெருங்கி சிக்னல் கிடைத்ததும் பாட்டு வரும். மணமக்கள் படம் போட்ட கல்யாணப் பாட்டு என்றால் நண்டு. சிவப்புச் சேலைக்காரி என்றால் கணவாய். மீசைக்காரர் என்றால் கலப்பு மீன். தொட்டில் படம் போட்ட தாலாட்டு என்றால் பாடு இல்லை, வலை வெறுமனே வருகிறது என்று அர்த்தம். ஏன் போனில் பேசவில்லை என்று கேட்டேன். எஞ்சின் சத்தத்தில் யார் பேச்சு கேட்கும், ஈரக் கையால் எழுதத்தான் முடியுமா, இதென்றால் பெரிய படம், கட்டைவிரலால் ஒரு அமுக்கு என்றார். இவர் மூன்று விநாடி கேட்டதும் வள்ளத்தில் இருக்கிற போனில் காது பச்சையாகும். பாண்டியம்மா ஐஸோடு நிற்கிறார் என்று பொருள். பச்சையாகாவிட்டால் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், நேராகப் பக்கத்துக் கரையான வேதாளைக்கு விட்டுவிடுவார்கள். எல்லாம் சரி, ஒரு நாளாவது பாட்டை முழுசாகக் கேட்டிருக்கிறீர்களா அக்கா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாட்டக் கேட்டுக்கிட்டு இங்கன நின்னா ஐஸு உருகிப்போகும் தாயி.”

குறுக்கு வழி

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் நான் பாடிக்கொண்டே வந்தேன். நான் செய்த ஒன்றை ஒருவர் இப்படி உரிமையோடு கையில் எடுத்துக்கொண்டதை அதுவரை பார்த்ததில்லை. பெரியபட்டினம் தாண்டியதும் பாட்டு நின்றுவிட்டது. அவர்கள் ஒரு நாளும் முழுப் பாட்டைக் கேட்கப் போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திலீப் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரசித்துக் கேட்டார், முடக்க மாட்டேன் என்றார். “அழகா இருக்கு நஸ்ரின். ஆனா மேல உள்ளவங்களுக்கு நான் நம்பரத்தான காட்டணும்?” என்று முடித்தார். இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அந்த வாரம் ஹனா பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்து காட்டினாள். நான் பார்த்தேன் என்று தலையாட்டினேன், என்ன பரிசு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரிந்துதான் செய்தேன். காது பச்சையாவதை மூன்று விநாடியிலிருந்து பாட்டு முடிகிற இடத்துக்கு மாற்றினேன். முழுசாக ஓடினால்தான் பச்சை. கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டியவர்கள் எல்லோரும் பாட்டை ஓடவிட்டார்கள், சத்தத்தை அமுக்கிவிட்டு. அடுத்த வீட்டு மாமி, மருமகன் அனுப்பிய பாட்டைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, போனைக் குப்புறப் போட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். மாவட்டம் முழுக்க ஊமைப் பாட்டு ஓடியது. மூன்றாம் நாளே எண் பாதியைத் தாண்டியது. புதுமடம் நினைவு வந்தபோதெல்லாம் எழுந்து தண்ணீர் குடித்தேன். திலீப் சார் உற்சாகமாகக் கூப்பிட்டார்: “இத மொதல்லயே பண்ணியிருக்கலாமே நஸ்ரின், எதுக்கு இத்தன நாள் டென்ஷன்?”

ஒன்பது வள்ளம்

ஹனாவுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பாண்டியம்மா அக்கா. புதுமடத்தில் நான் கொடுத்துவிட்டு வந்த நம்பருக்குக் கூப்பிட்டிருந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. தன் போனில் ஏதோ பழுது, பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். வள்ளமெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குத்தான் கரைக்கு வரும். ஒன்பது பாட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். இவர் ஒவ்வொன்றாக அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார், எந்தக் காதும் பச்சையாகவில்லை என்று அவர்கள் கத்துகிறார்கள். மூன்று நாளாகப் பாதி வள்ளம் வேதாளைக்குத் திரும்பிவிட்டது. ஆட்டோவும் ஐஸுமாக இவர் கரையில் நிற்கிறார். அவர்கள் என்னமோ பாண்டியம்மா தொழிலை விட்டுவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாம். உச்சிப்புளியில் ஒரு கடையில் கொடுத்துப் போனைக் கழற்றிக்கூடப் பார்த்தாகிவிட்டது.

போனில் பழுது இல்லை அக்கா, நான்தான் மாற்றினேன் என்றேன். ஏன் என்று கேட்டார். எண் ஏறுவதற்காக என்று சொல்ல நாக்கு எழவில்லை. முழுப் பாட்டையும் எல்லோரும் கேட்கட்டும் என்று செய்தேன் என்றேன். அவர் சொன்னார்: “நீ செஞ்சதா தாயி? நான் மூணு நாளா இந்தப் போனப் போட்டு வஞ்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

நாலு நாள்

டிபன் டப்பாவை மூடக்கூட இல்லை, மாடிக்கு ஓடிப்போய் மூன்று விநாடியைத் திரும்ப வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கெடு முடிய நாலு நாள் இருந்தது. எண் எதிர்பார்த்தபடியே விழுந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாலு நாளும் நான் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. விழும் என்று தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி.

கூட்டத்தில் ஆறு முகங்கள். வளைகோடு மேலே போய்க் கீழே விழுந்திருந்ததைப் பெரிதாகக் காட்டினார்கள். நான் நடந்ததைச் சொன்னேன்: பச்சைக் காதை இடம் மாற்றி எண்ணை ஏற்றியது நான்தான், பழையபடி வைத்ததும் நான்தான் என்று. ஓடியவை எல்லாம் சத்தத்தை அமுக்கிய பாட்டுகள் என்பதையும் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, ஒருவராவது கத்தியிருக்கலாம். மாத முடிவோடு பாட்டு வசதியை மூடுவது, நான் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சென்னையில் வேறு குழுவில் சேர்வது என்று முடிவானது. எல்லோரும் போன பிறகு திலீப் சார் மட்டும் திரையில் இருந்தார். “இன்னும் நாலே நாள் சும்மா இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே” என்றார்.

ரோஜாப்பூ

வசதியை மூடுவதற்கு முன்னால் புதுமடத்துக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். செயலியில் பூப்படங்கள் இருக்கின்றன, அவையும் பெரிதாகத்தான் இருக்கும், பாட்டுக்குப் பதில் அதை வைத்துக்கொள்ளலாம் என்று காட்டிக்கொடுக்க நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பாண்டியம்மா அக்கா போனை நீட்டினார். ஒன்பது வள்ளத்துக்காரர்களும் ஏற்கெனவே பூவுக்கு மாறியிருந்தார்கள். ரோஜா என்றால் நண்டு, தாமரை என்றால் கணவாய், வாடிய பூ என்றால் பாடு இல்லை. பதிலுக்கு இவர் ஒரு கும்பிடு படம் அனுப்பிவிடுகிறார். என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்பதை யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சென்னைக்குப் போகிறேன் அக்கா என்றேன். எதற்கு என்று கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன்: முழுப் பாட்டு, பாதி எண்ணிக்கை, மூன்று மாதக் கெடு எல்லாம். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். போன் இரண்டு முறை அதிர்ந்தும் எடுக்கவில்லை. அப்புறம் என் தோளைத் தொட்டார். “எங்களுக்குப் பாட்டு வந்தா என்ன, பூ வந்தா என்ன, நண்டு வந்தாச் சரி. ஒன்னய நெனச்சாத்தான் கவலையா இருக்கு, ஓம் புள்ளைய யாரு பாப்பா?”

வாசல்

ஹனா பள்ளிக்கூடத்தை நடு வருஷத்தில் நிறுத்த முடியாது. அவள் உம்மாவோடு இருப்பது, நான் மட்டும் போவது, மாதம் ஒருமுறை வருவது என்று ஆனது. எங்கள் தெருவில் வெளியூருக்கு ஆளை அனுப்புகிற முறை எல்லோருக்கும் அத்துபடி. என் வாப்பாவை அனுப்பியிருக்கிறோம், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணனை அனுப்பியிருக்கிறோம், மச்சானை எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறோம். துஆ ஓதுவது, பெட்டியைக் கட்டுவது, சொந்தக்காரர்கள் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பொட்டலம் தருவது எல்லாம் தன்னால் நடக்கும். என்னை அனுப்ப மட்டும் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த வீட்டு மாமி பழக்க தோஷத்தில் தொதல் அல்வாப் பொட்டலத்தோடு வந்து, தமாமில் என் மருமகனிடம் கொடுத்துவிடு என்றார். நான் போவது சென்னைக்கு மாமி என்றேன். பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று அவர் நின்ற நிலை இருக்கிறதே, சிரித்துவிட்டேன்.

ஹனா அழவில்லை. தன் வாப்பா போகிறபோது கேட்கிற அதே கேள்வியை என்னிடமும் கேட்டாள், எனக்கு என்ன வாங்கிவருவாய் என்று. அந்தக் கேள்வியை நான் இதுவரை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன், என்னைப் பார்த்துக் கேட்டு அறிந்ததில்லை. மச்சான் மூன்று விநாடியில் பாட்டை ஏன் நிறுத்தினார் என்பது அப்போது எனக்கு நெஞ்சுக்குள் புரிந்தது. ஆட்டோ வந்துவிட்டது. உம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. வாப்பாவுக்கும் காக்காவுக்கும் சொல்கிற புத்திமதியெல்லாம் வாய் வரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. கடைசியில், “ஆம்புளையள அனுப்பிப் பழகுன வாசல் இது, பொம்புளைய அனுப்புறப்ப என்ன சொல்லணும்ண்டு எனக்குத் தெரியலம்மா” என்றது.

நான் செய்த பாட்டு வசதியை மாவட்டமே பயன்படுத்தியது, அதில் பாட்டை மட்டும் யாரும் கேட்கவில்லை என்கிற ஒரு சின்னக் குறைக்காக நான் இப்போது தாம்பரத்தில் ஒண்டியாகக் குடியிருக்கிறேன்.